பழகுதல் பற்றி

புதிய கிடேரி ஒன்று கொட்டிலுக்கு வரும்போது இந்தப் பக்கத்தில் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். விற்றவர், தரகர், ஓட்டிவந்த பையன், வேலியோரம் நின்று பார்த்த பக்கத்துக் காட்டுக்காரர் எல்லோரும். "ரெண்டு நாளு முட்டிக்கும், அப்புறம் பழகிக்கும்ங்க." இந்தப் பழகுதல் என்ற சொல்லின் மேல் எனக்கு வெகுநாளாகச் சந்தேகம் உண்டு. ஒருவரோடு ஒருவர் பழகுவதும் அடிக்குப் பழகிப்போவதும் தமிழில் ஒரே வினை. ஒன்றில் உறவு இருக்கிறது, மற்றதில் மரத்துப்போதல். கொட்டிலில் நடப்பது இதில் எது என்று வெளியே நிற்பவனால் சொல்ல முடியுமா? சொல்ல முடியாதபோது அவன் கைகட்டி நிற்பது நியாயமா? இலக்கிய வட்டங்களில் புதிதாக எழுதவருபவனைப் பற்றியும் இதே வார்த்தை சொல்லப்படுவதுண்டு. அதை இங்கே எடுக்கப்போவதில்லை. மாடே போதுமான அளவு சிக்கலான விஷயம்.

நான் சொல்லும் கிடேரி கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தது. இரண்டு பல். மலைமாட்டின் சின்ன உடம்பு, காற்றில் எதையோ கேட்டுக்கொண்டே இருக்கும் காது. மேலே சாமையும் தினையும் விளைகிற சரிவுகளின் ஓரத்தில் அவிழ்த்துவிட்டு வளர்ந்தது. கயிறு தெரியாது, கல்தொட்டி தெரியாது. கீழே, கோமுகி அணைப் பாசனம் எட்டாத மேட்டு நிலங்களில், மரவள்ளி. அந்தத் தழையில் சயனைடு உண்டு. பசியோடு புகுந்து தின்ற மாடு பிழைப்பது அரிது. ஆகவே கயிறு இங்கே வெறும் அதிகாரச் சின்னமல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கட்டறுத்தலைப் பற்றிக் கவிதை எழுதுகிறவர்கள் மரவள்ளிக் காட்டையும் பார்த்துவிட்டு எழுதலாம்.

கொட்டிலில் ஏற்கனவே மூன்று உருப்படி. கொம்புள்ள செவலை, நான்கு ஈற்று கண்டது. கன்றிலேயே கொம்புக்குருத்தைச் சுட்டுவிட்ட ஜெர்சிக் கலப்பு ஒன்று. தலையீற்று மயிலை ஒன்று. புதிதை முதல் மூன்று வாரம் தனியே கட்டச் சொல்வார்கள் மருத்துவர்கள். 2019இல் தோல் கழலை நோய் இந்தியாவுக்குள் வந்த பிறகு இதற்கு அவசியம் கூடியிருக்கிறது. அந்த மூன்று வாரமும் அவை ஒன்றையொன்று தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டும் மோந்துகொண்டும் இருந்தன. அதற்குப் பிறகு ஒருநாள் நான்கையும் கட்டில்லாமல் ஒரே பட்டியில் விட்டேன்.

செவலை முட்டவே இல்லை. பக்கவாட்டில் திரும்பி, தலையைச் சற்றே தாழ்த்தி நின்றது, அவ்வளவுதான். கிடேரி விலகிப்போயிற்று. ஜெர்சி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விடாமல் துரத்தித் துரத்தி விலாவில் மோதியது மயிலை, அதாவது நேற்றுவரை கடைசி ஸ்தானத்தில் இருந்தது. தனக்குக் கீழே ஒன்று வந்து சேரும் சந்தர்ப்பம் அதன் வாழ்வில் அன்றுதான் முதல்முறை. மேலே இருப்பதற்கு நிரூபிக்க ஒன்றுமில்லை, அடுத்தடுத்த படியில் இருப்பவற்றுக்கிடையேதான் ரத்தம். இதைப் பார்க்க மாடு வேண்டியதில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். ஆனால் மனிதர்களிடம் இது தெரியும்போது நாம் உடனே குணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறோம். மயிலையிடம் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, அதன் நிலைமைதான் தெரிந்தது.

நார்வேக்காரரான ஷெல்டெரப்-எப்பே 1921இல் கோழிகளிடையே கொத்தும் வரிசையைப் பற்றி எழுதினார். யார் யாரைக் கொத்தலாம் என்பது கூட்டத்தில் நிர்ணயமாகியிருக்கிறது என்பது அவர் கண்டது. பிற்பாடு அவர் கொடுங்கோன்மையே உயிருலகின் அடிப்படை விதி என்கிற அளவுக்குப் போனார். கோழிக்கூண்டிலிருந்து பிரபஞ்சத்துக்கு ஒரே தாவல். இந்தத் தாவலைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன், அதற்குக் காரணம் தொட்டி.

எங்கள் கொட்டிலில் தொட்டி ஒன்று. நிலத்தோடு சேர்ந்து வந்தது, இரண்டு மாடு தாராளமாக நின்று தின்னும் நீளம். பட்டியில் முட்டல் ஓய்ந்து நான்காம் நாளும் தொட்டியருகே ஓயவில்லை. கிடேரி பட்டியில் தெளிவாக விலகிக்கொண்டது, மயிலையும் அதை ஏற்றுக்கொண்டு மேய்ந்தது. தொட்டியில் விலகிக்கொள்ள இடமில்லை. பின்னால் சுவர், பக்கத்தில் செவலையின் கொம்பு. 'நான் உனக்குக் கீழே' என்று மாட்டு பாஷையில் சொல்வதற்கு ஒரு உடம்பு நீளம் வெற்றிடம் வேண்டியிருக்கிறது. அந்த வெற்றிடம் இல்லாத இடத்தில் பணிவுகூட சாத்தியமில்லை. பணிந்தபின்னும் அடி விழுகிறது. மலையில் இது எப்போதும் விலகிக்கொள்ளக்கூடிய தூரத்தோடு மேய்ந்த ஜீவன். ஆக, இயற்கையின் குரூரம் என்று நான் பார்த்துக்கொண்டிருந்ததில் பாதி கொத்தனார் வேலை. எவ்வளவு வரிசை ரத்தத்தில் இருக்கிறது, எவ்வளவு தொட்டியின் அளவில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் 'அது அப்படித்தான்' என்பவர் தன் கொட்டிலைப் பிரபஞ்சம் என்று நினைக்கிறார்.

இன்னொரு வழி உண்டு, பெரும்பாலோர் செய்வது. நான்கையும் தனித்தனி முளையில், ஒன்றின் வாய் மற்றதன் விலாவுக்கு எட்டாத நீளக் கயிற்றில் கட்டிவிடுவது. சண்டை இல்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து அவிழ்த்தால் கிடேரி அன்றும் புதிதுதான். இந்த சமாதானம் என்னுடையது, மாடுகளுக்கு அதில் பங்கில்லை. அதற்காக எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு 'அவை பார்த்துக்கொள்ளும்' என்பதும் பொறுப்பைக் கழற்றி வைப்பதுதான். சினைமாட்டின் வயிற்றில் கொம்பு பட்டால் கன்று விழுந்துவிடும். ஒற்றையாகச் சேர்க்காமல் இரண்டாகச் சேர்த்தால் புதிதுகளுக்குச் சுலபம் என்று இதை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். சரிதான். இரண்டு வாங்கக் காசிருப்பவனுக்கு அறமும் கொஞ்சம் சுலபம். நான் செய்தது, பட்டியின் இரு கோடிகளிலும் வேறு இரண்டு இடங்களில் சோளத்தட்டை போட்டது மட்டும். அதில் வரிசை மாறவில்லை. கிடேரி கடைசியாகவே இருந்தது, ஆனால் வயிறு நிறைந்தது.

இங்கே ஒரு நண்பர் எதிர்ப்பார் என்று தெரியும். படிநிலையை ஒழிக்காமல் அதைச் சௌகரியப்படுத்துகிறாய், இது பழைய தர்மகர்த்தா நியாயம்தானே என்பார். கனமான கேள்வி. ஆனால் மாட்டின் வரிசையில் இரண்டு விஷயங்கள் கிடையாது. செவலையின் மகள் தாயின் ஸ்தானத்தைப் பட்டாவாகப் பெறுவதில்லை; செவலை மற்றவற்றின் உழைப்பையும் பறிப்பதில்லை. முதல் வாய் வைக்கோல் அதற்கு, அத்தோடு முடிந்தது. மயிலையின் பாலைக் கறப்பது செவலை அல்ல, நான். மந்தையிலிருந்து மனிதனுக்கு நீதி எடுக்கிற உவமைகள் எல்லாவற்றிலும், மேய்ப்பனின் கருணையும் மந்தையின் கீழ்ப்படிதலும் இருக்கும், கறக்கிறவன் மட்டும் காணாமல் போயிருப்பான். இந்த மலை மூன்று ஜாகிர்தார்களின் கீழ் இருந்தது, 1976 வரை. அதை மாட்டின் கொம்பை வைத்து விளக்க முடியாது. அங்கே இருந்தது பலம் மட்டுமல்ல, பரம்பரையும் வசூலும்.

நீட்ஷேயும் மந்தையைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார். வரலாறு பற்றி 1874இல் வந்த அவரது நூல், நேற்று இன்று தெரியாமல் மேயும் மந்தையைப் பார்த்து மனிதன் பொறாமைப்படுவதில் தொடங்குகிறது. அவர் மாடு வளர்த்தவர் இல்லை. விற்ற மாடு சில மாதம் கழித்துத் திரும்பி வந்தால் மற்றவை அதை அடையாளம் கண்டுகொள்வதை இந்த ஊரில் யாரும் சொல்வார்கள். நினைவில்லாத பிராணிக்குப் புதிது என்ற ஒன்றே இருக்க முடியாது. கிடேரி பட்ட அவ்வளவு அடிக்கும் ஆதாரம் மற்ற மூன்றின் நினைவுதான்.

அரசாங்கம் அதை ஒரு நிமிஷத்தில் சேர்த்துக்கொண்டுவிட்டது. காதில் மஞ்சள் வில்லை, பன்னிரண்டு இலக்கம், தடுப்பூசிக் கணக்கில் என் பெயருக்கு எதிரே. தாளில் சேர்ப்பது எப்போதும் இப்படித்தான், ஒரு நாள் வேலை. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் அப்படித்தான். மலையிலிருந்து இறங்கி வந்து ஏதோ ஒரு அலுவலக வராந்தாவில், எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் சுவரோரம் ஒதுங்குகிறவரைப் பார்த்தால், சேர்க்கப்பட்டதற்கும் இடம் கிடைத்ததற்கும் நடுவே எத்தனை வருஷம் கிடக்கிறது என்று தெரியும்.

பழைய தமிழில் ஆயம் என்றால் பசுக்கூட்டம். தலைவியின் தோழியர் கூட்டமும் ஆயம்தான். சுங்கமும் ஆயம்தான். ஒரே வேரா, தற்செயலா என்று சொல்லாராய்ச்சிக்காரர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். பட்டியில் நின்று பார்த்தபோது மூன்றும் எனக்கு ஒன்றாகத்தான் தோன்றிற்று.

இரண்டாம் வாரக் கடைசியில் கிடேரி செவலையின் கழுத்தடியை நக்கிக்கொண்டிருந்தது. செவலை கழுத்தை நீட்டி, கண் பாதி மூடி, வாகாக நின்றது. நக்கப்படும் மாட்டின் இதயத்துடிப்பு தணிகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். நக்குகிற மாட்டுக்கு என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. அது தோழமையா, செலுத்தித் தீர்க்கிற சுங்கமா? அரைமணி நேரம் நின்று பார்த்தேன். பிறகு மயிலையும் வந்து கிடேரியின் மறுபக்கத்தில் நின்றது, முட்டவில்லை, மோந்து பார்த்துவிட்டு அசை போட ஆரம்பித்தது.