ஏடு கற்பித்தலிற் குறும்பயிற்சி தகுமா?

முன்னோர் ஈட்டிய பொருளைப் பின்னோர்க்குச் சேர்ப்பித்தல் கடன் என்பதனை மறுப்பார் இலர். பேழை கைமாறியும் திறவுகோல் கைமாறாது போயின், அக்கடன் தீர்ந்ததாமோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

தில்லையிலே செல்லரித்த ஏடுகளினின்றும் தேவாரத் திருப்பதிகங்கள் மீட்கப்பெற்ற வரலாற்றைத் திருமுறைகண்ட புராணம் கூறும். அன்று நேர்ந்த இடையூறு செல். இன்று நேர்ந்திருப்பது வேறு. புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடிகள், ஏறத்தாழ 11,000, யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2005-ஆம் ஆண்டிற் சேர்க்கப்பெற்றன. பல நூலகங்களின் ஏடுகள் படமெடுக்கப்பெற்று இணையத்திலும் ஏறியுள்ளன. செல்லுக்கு அவை தப்பின. ஆயினும், படிப்பார் அருகிப்போயின் அப்படங்கள் ஊமை கண்ட கனவாகவே முடியும்.

ஆதலின் இளைஞரை இத்துறைக்கு அழைத்தல் வேண்டும். கல்லூரியிலும் அலுவலிலும் பகலைக் கழிக்கும் அவர்க்கென ஆறு வாரத்து இணையவழிப் பயிற்சியொன்றை வகுத்தல் தகுமோ எனின், ஆசிரியன் அருகிருந்து பல்லாண்டு பயின்று பெறுங் கல்வியை அங்ஙனஞ் சுருக்குதல் இழுக்கென்று தடை நிகழ்த்துவார் உளர். அவர் அஞ்சுவது நியாயமே. ஆயினும் அது சுருக்கத்தின் குற்றமன்று. சுருக்கத்தை நிறைவென்று கூறும் பொய்யின் குற்றமேயாம். சரியையில் நிற்பானை ஞானத்தில் நின்றான் என்பது பிழை; அதுபற்றிச் சரியையே வேண்டா என்பது அதனினும் பெரும்பிழை. ஆறுமுக நாவலர் சிறுவர்க்கெனப் பாலபாடங்களைப் படிமுறையாக இயற்றி அச்சிட்டார். அவற்றாற் பெருநூல்களின் மதிப்புக் குன்றவில்லை. அவற்றை நோக்கி ஏறுதற்குப் படியே அமைந்தது.

இனி, அப்பயிற்சி அமையுமாறு கூறுதும். முதலிரு வாரம் எழுத்து. பழைய தமிழேட்டிற் பெரும்பாலும் புள்ளியில்லை. எகர ஒகரங்களிற் குறில் நெடில் வேறுபாடில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவின. ஆதலிற் கொம்பு, பகரம், கால் என்னும் மூன்று குறிகள் பொ, போ, பெர, பேர, பெர், பேர் என அறுவகையாகப் படிக்க இடந்தரும். இவற்றைப் பெரிதாக்கிக் காட்டிக் கற்பித்தற்குத் திரை மிகவும் ஏற்றது. மூன்றாம் வாரம் தமிழெண்ணும், நாள், மாதம், வருடம் முதலியவற்றின் குறியீடுகளும். நான்காம் வாரம் மனப்பாடமாயுள்ள திருப்பதிகத்தின் ஏடு. ஐந்தாம் வாரம் முன்னறியாத உரைநடை ஏடு; என்னை? அறிந்த பாட்டை நாவே படித்துவிடும், கண் பயிலாது. ஆறாம் வாரம் இருவர் ஓரேட்டைத் தனித்தனியே பெயர்த்தெழுதி ஒப்புநோக்குதல்.

இவ்வொப்புநோக்கிலேதான் பயிற்சியின் அறம் விளங்கும். சிதைந்தவிடத்தைத் தன் கருத்தால் நிரப்புவான், நூலாசிரியர் வாயிலே தன் சொல்லை இடுகின்றான். எழுத்துப் புலப்படவில்லை என்று குறித்து வெற்றிடம் விடுவான், வாய்மை காத்தவனாவான். அவ்வெற்றிடத்துக்கும் நிறைமதிப்பெண் அளித்தல் வேண்டும்.

மாணாக்கனிடத்து வேண்டும் இவ்வாய்மை, கற்பிப்பாரிடத்தும் வேண்டுமன்றோ? கயிறவிழ்த்து ஏடெடுத்தலும், எண்ணெய் பூசிப் பேணலும், மை தடவி எழுத்தைத் துலக்கலும் திரையாற் கைவாரா. கிரந்த எழுத்தும் அடுத்த படியே. ஆதலின், சான்றிதழிலே தொடக்கப் பயிற்சி பெற்றார் என்பதற்குமேல் ஒரு சொல்லும் பொறித்தலாகாது. இளைஞரை ஈர்த்தற்பொருட்டு வேலையும் புகழும் கிட்டுமென ஆசை காட்டலும் ஆகாது. இதுகாறும் ஒருவரும் படியாத ஏட்டை நீ முதற்கட் படிப்பாய் என்பதொன்றே மெய்யான அழைப்பு. தக்கார்க்கு அதுவே அமையும்.

எஞ்சியது மூத்தோர் கடன். இளைஞர் வருகின்றிலர் என்று வருந்தும் சுவடிவல்லார் ஒவ்வொருவரும், பயிற்சி முடித்தாருள் இருவரையேனும் ஏற்று, வாரம் ஒரு நாழிகை உடனிருந்து படிப்பிப்பாராக. வாயிலைத் திறந்து விருந்தை அழைத்தபின் உள்ளே வரவேற்பார் இன்மை அழைத்தார்க்கே பழியாகும். அப்பழி நம்மைச் சாராவண்ணம் திருவருள் முன்னிற்பதாக.