கேட்டுப் பறித்த இலை

தென் கலிபோர்னியாவின் கரையோரக் குன்றுகளிலும், எல்லைக்கு அப்பால் மெக்ஸிகோவைச் சேர்ந்த பாஹா கலிபோர்னியாவின் வடபகுதியிலும் மட்டுமே இயற்கையாக வளர்கிற வெள்ளை ஸேஜ் என்னும் செடி, நம் துளசியும் புதினாவும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது. மார்பளவு உயரும் அந்தப் புதரின் இலைகள்மீது மெல்லிய ரோமம் படர்ந்திருப்பதால், வெயிலில் அவை திருநீறு பூசினாற்போல் வெளுத்துத் தோன்றும். விரலால் தேய்த்தால் கற்பூரக் காரம் கலந்த வாசனை நெடுநேரம் கையைவிட்டுப் போகாது. அதன் கொம்புகளை உலர்த்தி நூலால் இறுகச் சுற்றிக் கட்டுகளாக்கி, கொளுத்தி எழும் புகையை வீட்டின் மூலை முடுக்குகளிலும் தம் உடலைச் சுற்றியும் காட்டினால் துர்ச்சக்திகள் விலகும், மனக்கிலேசம் நீங்கும், முன்பு குடியிருந்தோர் விட்டுச்சென்ற துயரமும் அகலும் என்கிற நம்பிக்கை, அமெரிக்க நகரங்களில் தொடங்கி இன்று உலகின் பல பெருநகரங்களுக்கும் பரவியிருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணி போடும் வீட்டில் வளர்ந்த எனக்கு இதில் நகைப்பதற்கு ஏதும் இல்லை. ஆனால் ஒரு வினா மட்டும் எழுகிறது: சுத்தி செய்யும் சக்தி அந்த வஸ்துவில் இருக்கிறதா, கொளுத்துபவரின் சங்கல்பத்தில் இருக்கிறதா?

வஸ்துவிலேயே சக்தி உண்டென்போர் இக்காலத்தில் விஞ்ஞானத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். காற்றிலுள்ள கிருமிகளில் 94 சதவீதத்தைப் புகை ஒரு மணி நேரத்தில் அழிப்பதாக நிரூபணமாகிவிட்டது என்று ஸேஜ் விற்பவர்கள் சொல்வதைக் கேட்டு, அந்த நிரூபணத்தின் மூலத்தைத் தேடிப் போனால், வேடிக்கையாக நம் லக்னோவுக்கு வந்து சேருகிறோம். அங்குள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்தார் 2007இல் வெளியிட்ட அந்த ஆய்வில் எரிந்தவை ஹோமத்துக்குரிய சமித்தும் மூலிகைகளுமே. கலிபோர்னியச் செடி அங்கே ஓர் இலைகூடப் புகையவில்லை. புகைந்திருந்தால்தான் என்ன? கிருமி செத்த அறையைச் சுகாதாரமான அறை என்று சொல்லலாம்; பகையும் பயமும் குடியிருந்த அறை அதனால் புனிதமாயிற்று என்று அளந்து சொல்ல எந்தத் தராசும் இல்லை. ஆன்மிகத்துக்கு நுண்ணோக்கியிடமிருந்து சிபாரிசுக் கடிதம் வாங்கப் போவது இரண்டையும் ஒருங்கே அவமதிப்பதாகும் என்பது என் அபிப்பிராயம்.

மற்றொரு சாரார், இலை வெறும் கருவி, எண்ணமே பிரதானம் என்கிறார்கள். புறத்தின் தூய்மைக்கு நீரையும் அகத்தின் தூய்மைக்கு வாய்மையையும் வள்ளுவர் வகுத்துக் கொடுத்த வழியில் வந்த நமக்கு இவ்வாதம் உவப்பாகவே இருக்கும். எனினும் எண்ணமே போதுமென்றால், எங்கோ தொலைவிலுள்ள ஒரு குன்றின் செடியைக் கட்டுக் கட்டாக வரவழைப்பானேன்? கைக்கெட்டும் எந்தச் சருகும் போதுமே! அந்தச் செடிக்குப் பின்னால் ஒரு புராதன மரபு நிற்கிறது, அதன் மேன்மையில் தமக்கும் ஒரு பங்கு கிடைக்கும் என்கிற ஆசையல்லவா அந்தக் கட்டுக்குக் காசு கொடுக்கச் செய்கிறது? ஆகவே, அந்த மரபினர் எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்பதுதான் முறை.

வடக்கே பரந்த புல்வெளிகளில் வாழ்ந்த லகோட்டா என்னும் அமெரிக்கப் பழங்குடி மக்கள் எரிக்கும் ஸேஜ், பெயரளவில் ஒன்றாயினும், வேறு செடி. அது நம் மரிக்கொழுந்துக்கு நெருங்கிய உறவு. அதன் புகை தீயதை விலக்கும் என்றும், விலக்கிய இடத்துக்கு நல்லதை அழைத்துவர இனிய மணமுள்ள ஒரு புல்லைக் கொளுத்த வேண்டும் என்றும் அவர்கள் கொள்கிறார்கள். வில்லோ மரக் கொம்புகளை வளைத்துக் கவித்த சிறு கூடாரத்துக்குள், பழுக்கக் காய்ச்சிய கற்களின்மீது நீரூற்றி எழும் ஆவியில் அமர்ந்து பிரார்த்திக்கும் ‘இனிப்பி’ என்னும் சடங்கில், தரையில் பரப்பப்படுவதும் அந்த ஸேஜே. உள்ளே நுழைபவர் ‘மிடாகுயே ஒயாசின்’ என்பார். அனைவரும் என் உறவினர் என்று பொருள். அந்த அனைவரில் கல்லும் நீரும் செடியும் அடக்கம்.

கலிபோர்னியாவின் சூமாஷ், கவீயா, குமியாய் முதலிய மக்களிடம் வெள்ளை ஸேஜ் இன்னும் அந்நியோன்னியமாகப் பழகியது. அதன் விதையை வறுத்து இடித்து மாவாக்கி உண்டார்கள். சளிக்கும் காய்ச்சலுக்கும் அதன் இலையே மருந்து. சடங்கில் புகைந்ததும் அதே இலை. உண்ணவும் நோய் தீரவும் தொழவும் ஒரே செடியை நாடியவர்கள் அதைப் பறிக்கும்போது செடியிடம் அனுமதி வேண்டி, சிறிது புகையிலையைக் காணிக்கையாக வைத்து, வேரைத் தொடாமல் வேண்டிய அளவே எடுப்பதை நியமமாக வைத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. அவர்களில் முதியோர் பலர், ஒரு சிப்பி ஓட்டில் ஓரிரு இலை புகைந்தால் போதும் என்பார்கள். கைத்தடியளவு கட்டு என்பது கடைக்காரர் கண்டுபிடித்த அளவு. நான் எழுப்பிய வினாவுக்கு இவர்களிடம் மூன்றாவது விடை ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. இலையும் எண்ணமும் தனித்தனியே எதையும் சுத்தி செய்வதில்லை. பறிப்பவருக்கும் செடிக்கும் நடுவே முறையான உறவு ஒன்று இருந்து, அந்த உறவே புகையாக எழும்போதுதான் காரியம் நடக்கிறது.

இந்த உறவைத்தான் அமெரிக்க அரசு ஒரு காலத்தில் குற்றமாக்கியது. உள்துறைச் செயலாளர் ஹென்றி டெல்லரின் கட்டளைப்படி 1883இல் பிறந்த விதிகள், பழங்குடியினரின் நடனங்களையும் வைத்தியச் சடங்கு செய்யும் பெரியோரின் தொழிலையும் தண்டனைக்குரியவையாக்கி, மீறுவோருக்கு உணவுப் பங்கீட்டை நிறுத்தவும் அவர்களைச் சிறையிலடைக்கவும் வழி செய்தன. 1934இல்தான் அந்தக் கெடுபிடி தளர்ந்தது. பழங்குடியினரின் மத சுதந்திரத்தைக் காக்க ஒரு சட்டம் வர 1978 ஆயிற்று. பாட்டனைச் சிறைக்கு அனுப்பிய சடங்கின் இலை, பேரனின் காலத்தில் அழகுசாதனக் கடையில் விலைக்குக் கிடைக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே, வடக்கு எட்டிவாண்டா என்னும் பாதுகாக்கப்பட்ட பகுதியில் ஏறத்தாழ 400 பவுண்டு எடையுள்ள ஸேஜைத் திருட்டுத்தனமாக அறுத்துப் பிடிபட்டவர்களைப் பற்றிய செய்தி 2018இல் வந்தது. இரவில் வெட்டி மூட்டையில் திணித்த கொம்பு, யாரோ ஒருவர் வீட்டின் துர்ச்சக்தியை விரட்டப் புறப்படுகிறது!

இங்கே நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. நம் சாம்பிராணியும் சுமத்ரா முதலிய கீழைத் தேசத்து மரங்களைக் கீறி வடித்த பிசின்தானே. எந்த மரத்திடம் நம் பாட்டிமார் அனுமதி கேட்டார்கள்? கடையில் வாங்கினார்கள், தணலில் தூவினார்கள், வீட்டுப் பீடை ஒழிந்தது என்று நிம்மதியாக அடுப்படிக்குத் திரும்பினார்கள். விலைக்கு வாங்கியதாலேயே புனிதம் கெடுமானால் உலகில் எந்தக் கோயிலிலும் தூபம் காட்ட முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். வியாபாரம் தோஷமன்று. சுமத்ராவின் மலைவாசிகள் தங்கள் மரத்தின் பிசினைத் தாங்களே எடுத்து விற்றார்கள். அதை வாங்குவது அவர்களோடு ஒரு சம்பந்தம், தொலைவானதாயினும் சம்பந்தமே. ஸேஜ் விஷயத்தில் அறுப்பவர் ஒருவர், உரியவர் வேறொருவர். உரியவரோ கூடாது என்று கையமர்த்திக்கொண்டிருக்கிறார். அந்த மறுப்பைக் காதில் வாங்காமல் கொளுத்துபவர், எதைத் தம் வீட்டைவிட்டு வெளியேற்ற விரும்புகிறாரோ அதையே புகையோடு உள்ளே அழைத்துக்கொள்கிறார் என்றால், அது மிகையாகாது.

வேண்டுமானால் நீங்களே விதைத்து வளர்த்துக்கொள்ளுங்கள் என்று அந்தச் செடிக்காகப் பரிந்து பேசுவோர் யோசனை சொல்கிறார்கள். நல்ல யோசனை, சற்றுச் சிரமமானதும்கூட. வறண்ட குன்றில் பிறந்த அச்செடி, வேர்பிடித்த பிறகு அன்பு மிகுதியால் தினமும் தண்ணீர் ஊற்றினால் அழுகிவிடும். அதற்கு எவ்வளவு நீர், எவ்வளவு வெயில் என்று கற்றுக்கொண்டு, இரண்டு மூன்று கோடைகள் காப்பாற்றியவர், அதன் கொம்புகளை ஒட்ட வெட்டிக் கட்டாகக் கட்டிவிடுவார் என்று நான் நினைக்கவில்லை. ஓர் இலையோடு நிறுத்திக்கொள்வார்.