பச்சைக் கல்லும் பெயர்ச்சீட்டும்

யுரேனியக் கனியங்களைத் தேடிச் சேர்ப்போர் மேலை நாடுகளில் உண்டு. அவர்களைப் பித்தர்கள் என ஒதுக்கிவிட முடியாது. டோபர்னைற்று மரகதம் போல் பச்சை. பிரான்ஸின் ஓட்டுன் நகரால் பெயர்பெற்ற ஓட்டுனைற்று மஞ்சள் நிறம். கழியூதா ஒளியில் பச்சையாய்ச் சுடரும். கண்ணுக்கு விருந்துதான்.

ஆனால் கண் அறியாதவையும் அக்கற்களில் உள்ளன. யுரேனியம் சிதைந்துவரும் வழியில் றேடன் வாயு பிறக்கிறது. காற்றோட்டமற்ற அறையில் அது தேங்கினால் நுரையீரலுக்குக் கேடு. விபரமறிந்தவர் கல்லைப் பெட்டியிலிட்டு, படுக்கையறைக்கு அப்பால், காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்கிறார். தொட்டபின் கை கழுவுகிறார். தெரிந்தே ஏற்கும் ஆபத்து அவரவர் உரிமை எனலாம்.

வினா அதோடு முடிவதில்லை. யுரேனியம்-238 பாதியாய்க் குறைய ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள் செல்லும். சேகரிப்பாளரின் ஆயுளோ எழுபது, எண்பது. அவர் மறைந்தபின் அலுமாரியைத் திறக்கும் பேரப்பிள்ளைக்கு அது வெறும் அழகிய கல். பாட்டனார் தெரிந்து ஏற்றதைப் பிள்ளை தெரியாமல் சுமக்கிறது.

கல் வந்த வழியிலும் இதே வினா உண்டு. கொங்கோவின் ஷின்கொலொப்வே சுரங்கத்துக் கற்களுக்குச் சேகரிப்பாளரிடையே பெருமதிப்பு. 1945இன் அணுகுண்டுகளுக்கான யுரேனியத்தில் பெரும்பங்கு அங்கிருந்தே சென்றது. அதை அகழ்ந்த கூலியாட்களுக்கு அதன் குணத்தை எடுத்துச் சொன்னவர் யார்?

அழகை இரசிக்கத் தடையில்லை. ஆனால் அறிந்தவன் அறியாதவனுக்குக் கடன்பட்டவன். பெட்டியில் ஒட்டும் சிறு பெயர்ச்சீட்டு அந்தக் கடனின் ஒரு பகுதி. சீட்டில்லாத கல்லைப் பிள்ளைகளுக்கு விட்டுப்போவதைச் சொத்து என்று எப்படிச் சொல்வது?