காணாமையும் இல்லாமையும்

ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லை என்று நாம் அறிவது எவ்வாறு என்னும் வினா, இருப்பதை அறிவது எவ்வாறு என்னும் வினாவைக் காட்டிலும் கடினமானது என்பதை நம் நாட்டுத் தருக்க ஆசிரியர்கள் வெகு காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தார்கள். இருப்பது கண்ணில் படுகிறது, படுவதால் அறிகிறோம். இல்லாதது எதில் படும்? இந்த ஐயத்தை முன்னிட்டே குமாரில பட்டரும் அவர் வழிவந்த மீமாம்சகர்களும் பிரத்யட்சம், அனுமானம் முதலிய ஐந்தோடு அனுபலப்தி, அதாவது காணாமை, என்று ஆறாவது பிரமாணம் ஒன்றை வைத்தார்கள். அத்வைதிகள் அதை ஏற்றார்கள். நையாயிகர்கள், இன்மையும் புலன் வழியாகவே அறியப்படுவது, அதற்கெனத் தனிப் பிரமாணம் வேண்டியதில்லை என்று மறுத்தார்கள். மற்றொரு மீமாம்சகரான பிரபாகரரோ இன்மை என்று ஒரு தனிப் பதார்த்தமே கிடையாது என்றார். தமிழிலும் மணிமேகலை, சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதையில், பிரமாணங்களாகிய அளவைகளை எண்ணுமிடத்தில் இன்மையாகிய அபாவத்தையும் ஒன்றாக எண்ணுகிறது. சிவஞான சித்தியார் அருளிய அருணந்தி சிவாசாரியரும் அதைச் சேர்த்துச் சொல்லிவிட்டே, அளவைகள் அனைத்தையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்குகிறார். இந்த விவாதமெல்லாம் ஏட்டோடு முடிந்த கதை என்று எண்ணுகிறவர்கள், ஆயிரக்கணக்கான கணினிகளுக்கு ஓரிடத்திலிருந்தே மென்பொருள் அனுப்பும் நிர்வாகி ஒருவரின் அருகில் ஒரு பகல் அமர்ந்திருந்தால், அது இன்றும் அன்றாடம் நடந்துகொண்டிருப்பதைக் காண்பார்கள்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எஸ்.சி.சி.எம். என்னும் நிர்வாக முறையில், 2012-ஆம் ஆண்டுப் பதிப்பு முதற்கொண்டு, அப்ளிகேஷன் என்னும் வகையில் அனுப்பப்படும் ஒவ்வொரு மென்பொருளோடும் ஒரு கண்டறியும் விதியும் சேர்ந்தே செல்ல வேண்டும் என்பது நியதி. இன்ன கோப்பு இன்ன இடத்தில் இருக்கிறதா, ரெஜிஸ்ட்ரியில் இன்ன பதிவு இருக்கிறதா, எம்.எஸ்.ஐ. நிறுவியின் இன்ன அடையாள எண் பதிவாகியிருக்கிறதா என்று கேட்பது அந்த விதி. இவை போதாதவிடத்து நிர்வாகியே ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தரலாம். கணினியில் இருக்கும் ஏஜென்ட் முதலில் இவ்விதியை இயக்கிப் பார்க்கிறது. இருக்கிறது என்று விடை வந்தால் ஒன்றும் செய்யாமல் விலகிக்கொள்கிறது. இல்லை என்று வந்தால் நிறுவுகிறது. நிறுவி முடித்தபின் மறுபடியும் அதே விதியைக் கேட்கிறது. அப்போதும் இல்லை என்று வந்தால், நிறுவி தன் வேலையைக் குறைவறச் செய்து பூஜ்யம் என்னும் வெற்றிக் குறியைத் தந்திருந்தாலும், 0எக்ஸ்87டி00324 என்ற பிழை எண்ணைப் பதிந்து தோல்வி என்று அறிவிக்கிறது. மென்பொருள் கண்முன்னே திறந்து ஓடிக்கொண்டிருக்கும்; பயனாளி அதில் வேலை செய்துகொண்டிருப்பார்; சர்வரின் அறிக்கையிலோ அது இல்லை.

குரோம் உலாவியை எடுத்துக்கொள்வோம். நிர்வாகி அதை எல்லோருக்கும் பொதுவாக நிறுவினால் அது புரோகிராம் ஃபைல்ஸ் என்னும் பொது ஃபோல்டரில் அமர்கிறது. நிர்வாக உரிமை இல்லாத ஊழியர் ஒருவர் தாமே இறக்கி நிறுவிக்கொண்டாலோ, அவருடைய பெயரிலுள்ள ஃபோல்டருக்குள், ஆப்டேட்டா, அதனுள் லோக்கல், அதனுள் கூகுள் என்று ஆழத்தில் போய் அமர்கிறது. ஏஜென்ட் இயங்குவது அந்த ஊழியரின் பெயரில் அன்று. சிஸ்டம் என்னும் கணக்கின் பெயரில். விதியில் லோக்கல் ஆப்டேட்டா என்று பொதுப்பெயரால் எழுதியிருந்தால், சிஸ்டம் கணக்கு தனக்குச் சொந்தமான ஆப்டேட்டாவையே திறந்து பார்க்கும். அது விண்டோஸ் ஃபோல்டரின் உள்ளே சிஸ்டம்32, கான்ஃபிக், சிஸ்டம்புரொஃபைல் என்று வேறொரு மூலையில் இருக்கிறது. அங்கே குரோம் ஒருநாளும் இருந்ததில்லை. தேடியவன் பொய் சொல்லவில்லை. தேடிய இடத்தில் உண்மையாகவே ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தேடலிலிருந்து "இக்கணினியில் குரோம் இல்லை" என்னும் முடிவு எழ நியாயமில்லை.

இவ்விடத்தில்தான் 17-ஆம் நூற்றாண்டில் சோழநாட்டில் வாழ்ந்த தர்மராஜ அத்வரீந்திரரின் வேதாந்த பரிபாஷை நமக்குக் கைகொடுக்கிறது. அனுபலப்தி என்னும் பிரமாணத்தை விளக்கப் புகுந்த அவர், வெறும் காணாமை இன்மைக்குச் சான்றாகாது, தகுதியுடைய காணாமையே சான்றாகும் என்று வரையறுத்தார். நல்ல வெளிச்சமுள்ள தரையில் குடம் இருந்திருந்தால் அது கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை, ஆகையால் குடம் இல்லை. இந்த "இருந்திருந்தால் தெரிந்திருக்கும்" என்னும் தருக்கத்தை இருட்டறையில் சொல்ல முடியாது. ஆகையால் இருட்டில் குடம் தெரியாமை குடத்தின் இன்மையை அறிவிப்பதில்லை. இதே காரணத்தால், ஆன்மாவில் தர்மமும் அதர்மமும் நமக்குத் தென்படாமையைக் கொண்டு அவை அங்கே இல்லை என்று சாதிக்க முடியாது என்கிறார். ஏனெனில் அவை புலப்படும் தன்மையுடையவையே அல்ல. சிஸ்டம் கணக்கின் பெயரால் ஊழியரின் குரோமைத் தேடியது இருட்டறையில் குடம் தேடியதே.

இருட்டு பல வகை. 64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருள் தன் பதிவை எழுதும்போது, இயக்க அமைப்பு அதை வாவ்6432நோட் என்னும் தனிக் கிளைக்குத் திருப்பிவிடுகிறது; நேர்க்கிளையை மட்டும் பார்க்கும் விதிக்கு அது புலப்படாது. சில நிறுவிகள் வேலையை வேறொரு புரோசஸிடம் ஒப்படைத்துவிட்டு முன்னதாகவே முடிந்தது என்று சொல்லிவிடுகின்றன. ஏஜென்ட் அக்கணமே தேடும்போது கோப்புகள் இன்னும் வந்து சேர்ந்திருக்கமாட்டா. பதிப்பு எண் இன்னதற்குச் சமமாக இருக்க வேண்டும் என்று எழுதிய விதியோ காலத்தால் குருடாகிறது: குரோம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் இயல்புடையது, ஆதலால் சில வாரங்களில் எண் மேலேறிவிட, இருப்பதை இல்லை என்று கொண்டு ஏஜென்ட் பழைய பதிப்பை மறுபடி நிறுவ முயன்று தோற்கிறது. "சமம்" என்றிருப்பதைச் "சமம் அல்லது மேல்" என்று மாற்றினால் தீர்ந்துவிடும் நோய் இது. இன்னொன்று விசித்திரமானது. நிறுவப்பட்டவற்றின் பட்டியலை அறிய வின்32_புராடக்ட் என்னும் வகுப்பை வினவினால், எம்.எஸ்.ஐ. மூலம் நிறுவிய ஒவ்வொரு மென்பொருளையும் விண்டோஸ் சரிபார்க்கத் தொடங்கி, குறை கண்டால் திருத்தவும் செய்கிறது. பார்க்கப் போனவன் பார்க்கப்பட்டதை மாற்றிவிட்டு வருகிறான். அப்படிப்பட்ட பார்வையைப் பிரமாணம் என்று நான் ஒப்பமாட்டேன்.

இவ்வளவிலும் என் மனத்தை மிகவும் கவர்ந்தது ஸ்கிரிப்ட்களுக்கு வகுத்துள்ள முறை. ஸ்கிரிப்ட் வெற்றிக் குறியோடு முடிந்து ஏதேனும் ஒரு சொல்லை வெளியிட்டால் மென்பொருள் இருக்கிறது என்று பொருள். வெற்றிக் குறியோடு முடிந்து, விடையும் பிழைச் செய்தியும் இன்றி மௌனமாக இருந்தால் இல்லை என்று பொருள். வெற்றிக் குறியே வராமல் வேறு குறி வந்தால், இல்லை என்று பொருளன்று. தெரியவில்லை என்று பொருள். தேடி முடித்தவனின் மௌனம் ஒன்று, தேட முடியாதவனின் மௌனம் வேறு என்னும் இந்தப் பாகுபாட்டை ஓர் இயந்திரத்துக்குக் கற்பித்தவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் நடைமுறையில் நிகழ்வதென்ன? லாகில் சிவப்பு வரிகள் தென்படலாகாது என்று கருதி, பவர்ஷெல் ஸ்கிரிப்டில் பிழை எதுவரினும் வாய்மூடிச் செல்க என்னும் பொருள்பட "சைலன்ட்லி கன்டின்யூ" என்று எழுதிவிடுகிறார்கள். ஃபோல்டரைத் திறக்க உரிமையில்லாமல் திரும்பிவந்த ஸ்கிரிப்டும் அதனால் வெற்றிக் குறியோடு மௌனமாக முடிகிறது. அறியாமை இன்மையின் வேடத்தைப் பூண்டுகொள்கிறது. கணினித் துறையில் மட்டுமன்றி மனித வாழ்விலும் இதைவிடக் கேடான அறிவுப் பிழை வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எதிர்ப்புறத்துப் பிழையும் உண்டு. அரைகுறையாக நீக்கப்பட்ட மென்பொருள் ரெஜிஸ்ட்ரியில் தன் பெயரை விட்டுச் செல்கிறது. விதி அப்பெயரைக் கண்டு, உள்ளே ஒரு கோப்பும் இல்லாத மென்பொருளை இருக்கிறது என்று சாதிக்கிறது. நிறுவ வேண்டியதாகிய சாத்தியம் இல்லாத இடத்திலும் காணப்படும் ஹேதுவை, அதாவது அடையாளத்தை, தருக்க நூலார் சவ்யபிசாரம் என்று தள்ளுவார்கள். நெற்றிக்குறியையும் வாய்ப்பாடத்தையும் கண்டு பக்தி இருக்கிறது என்று நாம் முடிவு கட்டுவதும் அவ்வகையே. நல்ல ஹேது, சாத்தியம் நிச்சயமாக இருக்கும் சபட்சத்தில் காணப்பட வேண்டும். நிச்சயமாக இல்லாத விபட்சத்தில் காணப்படலாகாது. கண்டறியும் விதியைச் சோதிக்க இதைவிடச் சிறந்த முறையை இன்றுவரை எவரும் கண்டதாக நான் அறியேன்.

இனி, இவையெல்லாம் சென்று முட்டும் பெரிய வினாவுக்கு வருவோம். ஈசுவரனைக் காணவில்லை, ஆகையால் ஈசுவரன் இல்லை என்னும் வாதம் உலகாயதர் காலந்தொட்டு நடப்பது. 10-ஆம் நூற்றாண்டில் நையாயிகரான உதயனாசாரியர் நியாயகுசுமாஞ்சலியின் மூன்றாம் ஸ்தபகத்தில் இதற்குக் கூறிய விடையின் சாரம், காணத்தக்க பொருளைக் காணாமையே இன்மைக்குச் சான்று, காணத்தகாததைக் காணாமை எதற்கும் சான்றன்று என்பது. இந்த விடை சரியானதென்றே நான் கருதுகிறேன். ஆயினும் ஆத்திகர்களில் பலர் இதைப் பற்றிக்கொண்டு ஈசுவரன் இருக்கிறார் என்பதே நிரூபணமாகிவிட்டதுபோல் மகிழ்வது முறையன்று. மறுப்பு வீழ்ந்ததேயன்றி நிரூபணம் எழவில்லை என்பதை அறிந்தே உதயனர் அதற்கு வேறு யுக்திகளை ஐந்தாம் ஸ்தபகத்தில் தனியாக நிறுவ முற்பட்டார். மேலும், மென்பொருள் விஷயத்தில் அது நிச்சயமாக இல்லாத ஒரு கணினியை எதிரே வைத்து நம் விதியைச் சோதிக்கலாம். எங்கும் நிறைந்தவன் என்று சொல்லப்படும் பொருளைப் பொறுத்தவரை அத்தகைய விபட்சம் நம் கைக்கு அகப்படுவதில்லை. ஆகவே இங்கே இல்லை என்பவருக்கும் உண்டு என்பவருக்கும் தத்தம் கருவியைச் சோதித்துக்கொள்ளும் வசதி குறைவு. குறைவென்று தெரிந்தபின் குரலை உயர்த்துவது அழகன்று.

ஆகவே, விதி எழுதும் நண்பர்களை நான் வேண்டிக்கொள்வது இது: சர்வரில் ஏற்றுவதற்கு முன், மென்பொருள் உறுதியாக உள்ள ஒரு கணினியிலும் உறுதியாக இல்லாத ஒரு கணினியிலும், சிஸ்டம் கணக்கின் பெயராலேயே அதை ஓட்டிப் பாருங்கள், ஸ்கிரிப்டின் பிழைகளுடைய வாயை மூடாதீர்கள். ஈசுவர விசாரத்தில் இறங்கியுள்ள நண்பர்களையும் வேண்டுகிறேன்: இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நெஞ்சறிந்து சொல்ல முடிந்தால் மட்டும் இல்லை என்று எழுதுங்கள், முடியாதவரை, தெரியவில்லை என்றே எழுதிவையுங்கள்.