விஜயலட்சுமியின் வெளிச்சம்

1

ஆந்திராவில், குப்பத்திலிருந்து பலமநேர் போகிற சாலையில் சாந்திபுரம். சுற்றிலும் கருங்கல் குன்றுகள், மல்பெரித் தோட்டங்கள், தக்காளி, நிலக்கடலை. மார்கழிக் காலையில் பனி விலக நேரமாகும். அதுவரை எதற்கும் நிழல் விழுவதில்லை. வாசலில் உட்கார்ந்திருக்கும் கிழவியின் முகமும் அவருக்குப் பின்னாலிருக்கும் சுவரும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்கும். சுருக்கங்கள்கூட மெத்தென்று தெரியும். அதே முகத்தைச் சித்திரை நண்பகலில் பார்த்தால் நெற்றியும் மூக்கும் வெளுத்து, கண்குழிகள் இரண்டும் கருத்துவிடுகின்றன.

முகம் மாறவில்லை, அதன்மேல் விழும் வெளிச்சம் மாறியிருக்கிறது. நாம் ஆட்களைப் பார்க்கிறோம், பொருள்களைப் பார்க்கிறோம். அவற்றை நமக்குக் காட்டுகிற வெளிச்சத்தைப் பார்க்கத் தனியாகப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் ஒளிப்பதிவாளர்கள். இந்தக் குறிப்புகள் அவர்களில் ஒருவரைப் பற்றியவை: ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று அழைக்கப்படும் பி.ஆர். விஜயலட்சுமி.

2

அவரை நினைப்பதற்கு இந்த ஊரில் எனக்கு ஒரு காரணம் உண்டு. அவருடைய தந்தை பி.ஆர். பந்துலு பிறந்தது இந்தக் குப்பம் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில், 1910இல். தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே சந்தையில் பேசப்படுகிற மண் இது. பந்துலுவின் வாழ்க்கையும் அப்படியே அமைந்தது. கன்னட நாடக மேடையில் தொடங்கி, கன்னடத்தில் ‘ஸ்கூல் மாஸ்டர்’, ‘கித்தூர் சென்னம்மா’ எடுத்தார். தமிழில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959இலும், ‘கப்பலோட்டிய தமிழன்’ 1961இலும், ‘கர்ணன்’ 1964இலும், ‘ஆயிரத்தில் ஒருவன்’ 1965இலும் வந்தன. தமிழர்களின் மனதில் கட்டபொம்மனுக்கும் வ.உ.சி.க்கும் கர்ணனுக்கும் ஒரு முகம் தந்தவர் எல்லையோரக் கிராமத்துப் பிள்ளை என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது.

பந்துலு 1974இல் காலமானார். மகள் கேமராவுக்குப் பின்னால் வந்து நின்றது அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து. அவர் ஒளிப்பதிவு செய்த ஒரு காட்சியைக்கூடத் தந்தை பார்க்கவில்லை. சினிமாக் குடும்பம் என்பது பெரிய வசதிதான், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சினிமாக் குடும்பத்துப் பெண்களுக்கு அன்று திறந்திருந்த கதவுகள் நடிப்பும் பாட்டும் நடனமும். கேமரா இருந்த அறைக்கு அவர்களை அழைக்கும் வழக்கம் இல்லை.

3

1980ஆம் ஆண்டு, ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’. மகேந்திரன் இயக்கம், அசோக்குமார் ஒளிப்பதிவு. விஜயலட்சுமி உதவியாளராகத் தொடங்கியது இந்தப் படத்தில்தான்.

அசோக்குமார் அலகாபாத்தில் பிறந்து தென்னிந்திய சினிமாவுக்கு வந்தவர். முந்தைய ஆண்டில்தான் அவர் ஒளிப்பதிவு செய்த ‘உதிரிப்பூக்கள்’ வந்திருந்தது. இருக்கிற வெளிச்சத்தை மதிக்கிற கண் அவருடையது. ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’யில் இருவர் விடிகாலையில் ஓடிக்கொண்டே வருகிற பாடல் காட்சியை இன்றும் யாரும் மறக்கவில்லை. காலைப் பனியில் மரங்கள் கரைந்திருக்க, ஓடுகிறவர்களின் மூச்சும் காலடியும் கேட்கும். அந்தப் படம் அசோக்குமாருக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது.

அந்தப் பனியில் ஓடி வருகிற சுஹாசினியும் கேமரா கற்றவரே. அடையாறு திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து, அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்தவர், இந்தப் படத்தில் நடிகையானார். ஒரே குருவிடம் இரண்டு பெண்கள். ஒருவர் கேமராவுக்கு முன்னால் போய்ப் புகழ்பெற்றார். மற்றவர் அதன் பின்னாலேயே தங்கினார். இரண்டும் நல்ல வாழ்க்கைதான். ஆனால் இரண்டாவது வழியில் தமிழ் சினிமாவில் அவருக்கு முன்னால் நடந்து போன பெண் ஒருவரும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அக்கா ஒருவர் இல்லாத வழி அது.

4

உதவியாளர் என்றால் என்ன வேலை? அன்றைய பிலிம் காலத்து வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பிலிமை இருட்டில்தான் மாட்ட வேண்டும். படப்பிடிப்புத் தளத்தில் இருட்டறை ஏது? அதற்குக் கறுப்புத் துணிப்பை ஒன்று உண்டு, இரண்டு கைகளையும் நுழைப்பதற்கு எலாஸ்டிக் வைத்த ஓட்டைகளோடு. உதவியாளர் மேகசின் என்ற பிலிம் பெட்டியையும் சுருளையும் உள்ளே வைத்து, பையின் ஜிப்பை மூடி, கைகளை விட்டுக்கொள்வார். அதற்குப் பிறகு கண்ணுக்கு வேலையில்லை. பிலிமின் மருந்துப் பக்கம் எது, துளைகள் பல்சக்கரத்தில் உட்கார்ந்தனவா, வளையத்தின் அளவு சரியா என்பதையெல்லாம் விரல்நுனிதான் சொல்ல வேண்டும். 400 அடிச் சுருள் நாலரை நிமிடம்கூட ஓடாது. ஓடி முடித்ததும் மறுபடி பை, மறுபடி இருட்டு. ஒரு தூசு, ஒரு கீறல், கொஞ்சம் வெளிச்சக் கசிவு போதும், எடுத்த காட்சி வீண். அது லேபில் கழுவி வந்த பிறகுதான் தெரியும்.

அடுத்தது லைட் மீட்டர். நடிகரின் முகவாயருகே அதைப் பிடிக்கிறார்கள். அதன் வெள்ளைக் குமிழ் கேமராவைப் பார்த்திருக்கும். முகத்தின் இந்தப் பக்கம் ஓர் அளவு, அந்தப் பக்கம் ஓர் அளவு. லென்ஸை ஒரு ஸ்டாப் மூடினால் உள்ளே போகும் வெளிச்சம் பாதியாகிவிடும். முகத்தின் ஒரு பக்கத்தை எவ்வளவு இருட்டில் விடலாம் என்பதை எந்த மீட்டரும் சொல்லாது. அதைச் சொல்ல ஒரு மனம் வேண்டும்.

இன்றைக்கு இருப்பதுபோல மானிட்டர் அன்று கிடையாது. ஷாட் ஓடும்போது கேமராவின் கண்வழியே பார்த்தவர் ஒரே ஒருவர்தான். இயக்குநர், தயாரிப்பாளர், நடிகர்கள் என்று மற்ற எல்லோரும் அந்தக் கண்ணை நம்பினார்கள். இந்தத் தொழிலில் பெண்கள் நுழையத் தாமதமானதற்குக் கேமராவின் எடையைக் காரணம் சொல்வார்கள். எடையைத் தூக்கப் பலபேர் இருந்தார்கள். பிறருக்குத் தெரியாத ஒன்றை ஒரு பெண் பார்த்துச் சொல்ல, அதை நூறு பேர் ஏற்றுக்கொண்டு அடுத்த ஷாட்டுக்கு நகர்வதுதான் நடக்காமல் இருந்தது.

5

அந்த நம்பிக்கையை முதலில் வைத்தவர் கே. பாக்யராஜ். ‘முந்தானை முடிச்சு’ வெற்றிக்குப் பிறகு அவர் உச்சத்தில் இருந்த காலம். 1985இல் வந்த ‘சின்ன வீடு’ படத்தின் கேமராவை விஜயலட்சுமியிடம் கொடுத்தார். பெரிய நட்சத்திரத்தின் படம், இளையராஜாவின் இசை, தவறினால் எல்லோரும் பார்க்கும்படியான இடம்.

கதை நமக்குத் தெரிந்ததுதான். தனக்கு வாய்த்த மனைவி பருமனாக இருக்கிறாள் என்று குமைகிற கணவன். மனைவியாக நடித்தவர் கல்பனா. பார்க்கப் பிடிக்காத கணவனும் பார்க்கப்படாத மனைவியும் ஒரே வீட்டில் இருக்கிற கதை அது. படம் பேசுகிற நியாயங்கள் அந்தக் காலத்துக்குரியவை, இன்று அவற்றோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனாலும் ஒன்றைத் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். கணவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், கேமரா திருப்பிக்கொள்ள முடியாது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் அந்த மனைவியின் முகத்தருகே லைட் மீட்டரைப் பிடித்து, இந்த முகத்துக்கு எந்த வெளிச்சம் என்று யாரோ ஒருவர் தீர்மானிக்க வேண்டும். தமிழ் வணிக சினிமாவில் அந்தத் தீர்மானம் முதன்முதலாக ஒரு பெண்ணின் கையில் இருந்தது. வேறெந்தப் பட்டத்தையும்விட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

6

பெண்கள் கேமராவுக்குப் பின்னால் வந்த கதை பிரான்சில் எப்படி நடந்தது?

அந்நாட்டின் தேசியத் திரைப்பட மையம் ஒளிப்பதிவு இயக்குநராக அங்கீகரித்த முதல் பெண் நூரித் அவிவ், டெல் அவிவில் பிறந்தவர். இயக்குநர் ஆன்யெஸ் வார்தாவின் ‘தாகெரியோத்திப்’ என்ற 1975ஆம் ஆண்டு ஆவணப்படத்தில் அவர் கேமரா பிடித்தார். வார்தாவுக்கு அப்போது வீட்டில் சிறு குழந்தை. அதனால் தன் வீட்டிலிருந்து மின்கம்பியை இழுத்து, அது எட்டுகிற தூரத்துக்குள் இருந்த கடைக்காரர்களை மட்டும் படமெடுத்தார். பாரிஸில் ஒரே தெருவின் ரொட்டிக்கடையும் கறிக்கடையும் வாசனைத் தைலக் கடையும் அந்தப் படத்தில் வாழ்கின்றன. வீட்டைவிட்டு வெகுதூரம் போக முடியாத ஒரு தாயும் கேமரா பிடித்த இன்னொரு பெண்ணும் சேர்ந்து, கம்பியின் நீளத்தையே படத்தின் எல்லையாக ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்து கரோலின் ஷாம்ப்தியே, ஒளிப்பதிவாளர் வில்லியம் லுப்சான்ஸ்கியிடம் ஒன்பது ஆண்டுகள் உதவியாளராக இருந்தவர். 2011இல் ஒளிப்பதிவுக்காகப் பிரான்சின் செஸார் திரைப்பட விருதைப் பெற்றார். அவருக்கு முன்பே, 2001இல், ஆன்யெஸ் கொதார் பெற்றிருந்தார், ‘போ த்ரவாய்’ படத்துக்காக. ஜிபூத்தியின் வெயிலில் பயிற்சி செய்கிற பிரெஞ்சுப் படைவீரர்களின் கதை அது. இயக்குநரும் பெண், க்ளேர் தெனி. உப்பு வெளுத்த நிலத்தில், நண்பகல் வெயிலில், ஆண்களின் உடல்களை ஒரு பெண்ணின் கேமரா நிதானமாகப் பார்க்கிறது. ஆசையோ பயமோ தெரியாத நிதானம். எல்லோரும் தவிர்க்கப் பார்க்கும் அந்த உச்சிவெயிலே அங்கே அழகாகிவிடுகிறது. சித்திரையில் எங்கள் பாறைகளைப் பார்க்கும்போது அந்தப் படம் நினைவுக்கு வரும்.

கொதாருக்கு வாய்த்தது என்னவென்றால், தெனி அவரைத் திரும்பத் திரும்ப அழைத்தார். பல பத்தாண்டுகள், படத்துக்குப் படம். ஒருவர் நினைப்பது மற்றவருக்குச் சொல்லாமலே புரிகிற அளவுக்கு. தமிழில் மணிரத்னமும் பி.சி. ஸ்ரீராமும் சேர்ந்து வளர்ந்ததை நாம் பார்த்திருக்கிறோம். அப்படி நீண்ட துணை கிடைத்தால்தான் ஒரு கண் தன் முழு ஆழத்துக்குப் போகும்.

7

விஜயலட்சுமி இருபதுக்கும் மேற்பட்ட படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தார். 1995இல் எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் ரகுமானும் நடித்த ‘பாட்டு பாடவா’ படத்தை இயக்கினார். பிறகு தொலைக்காட்சித் தயாரிப்பு, சரிகம நிறுவனத்தில் பொறுப்பு. 2018இல் மீண்டும் இயக்குநராக ‘அபியும் அனுவும்’.

அவருக்குப் பின் வந்தவர்களின் வரிசையைப் பார்க்கிறேன். ரேவதி இயக்கிய ‘மித்ர் மை ஃபிரெண்ட்’ 2002இல் வந்தது, ஒளிப்பதிவு ஃபவ்சியா ஃபாத்திமா. ‘சின்ன வீடு’ வந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. ப்ரீத்தா ஜெயராமன் ‘கண்ட நாள் முதல்’, ‘அபியும் நானும்’ படங்களைத் தந்தார். ஒளிப்பதிவுக்கான தேசிய விருது தொடங்கி 40 ஆண்டுகளுக்கு மேலான பிறகே அது ஒரு பெண்ணிடம் போனது. 2009ஆம் ஆண்டுக்கான விருது, மலையாளத்தின் ‘குட்டி ஸ்ராங்க்’ படத்துக்காக அஞ்சுலி சுக்லாவுக்கு. ஆஸ்கரில் ஒளிப்பதிவுப் பரிந்துரைப் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர் வர 2018ஆம் ஆண்டின் 90ஆவது விழா வரை ஆனது. அவர் ரேச்சல் மாரிசன். அமெரிக்கா அந்த இடத்துக்கு வரும்போது ‘சின்ன வீடு’ வெளியாகி 33 ஆண்டுகள் ஓடியிருந்தன. 2022இல் வந்த ‘சாணிக் காயிதம்’ படத்துக்கு யாமினி யக்ஞமூர்த்தி ஒளிப்பதிவு செய்தார். இந்தியப் பெண் ஒளிப்பதிவாளர்கள் தங்களுக்கென்று ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கிறார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள இப்போது அக்காக்கள் இருக்கிறார்கள்.

8

முதல் பெண் என்ற பட்டம் மரியாதைக்குரியது. ஆனால் அது ஒரு படத்தைப் பற்றிய செய்தி. ‘சின்ன வீடு’ வெளியான அன்றே அது முடிந்துவிட்டது. அதற்குப் பின்னால் வந்த இருபது படங்கள்தான் அவருடைய தொழில் வாழ்க்கை. அந்தப் படங்களில் அவர் எங்கே விளக்கை அணைத்தார், எந்த முகத்தை ஜன்னலருகே நிறுத்தினார், வெளிப்புறத்தில் எந்த நேரத்துக்காகக் காத்திருந்தார் என்று நாம் பேசவேயில்லை. பட்டத்தைக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்காமல் விட்டுவிட்டோம். ஒரு கலைஞருக்கு இது நியாயமில்லை.

தந்தையின் ‘கர்ணன்’ 2012இல் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு அரங்குகளில் ஓடியது. ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2014இல் வந்தது. அவற்றை நாம் மறுபடி பார்த்தோம், கொண்டாடினோம். மகளின் படங்களுக்கும் அந்தக் கவனிப்பு வேண்டும். நெகட்டிவ் காலத்தோடு நைந்துபோகிற பொருள். எண்பதுகளின் படங்கள் பல இன்று மங்கிய வீடியோப் பிரதியாகத்தான் கிடைக்கின்றன. மங்கிய பிரதியில் கதை மிஞ்சும், வெளிச்சம் மிஞ்சாது. ஒளிப்பதிவாளரின் உழைப்பு முழுவதும் அழிகிற இடம் அது.

குப்பம், சாந்திபுரம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று. உங்கள் வகுப்பில் இருக்கும் பெண்பிள்ளைகளிடம் பந்துலுவைப் பற்றிச் சொல்லுங்கள், கூடவே அவர் மகளைப் பற்றியும் சொல்லுங்கள். படம் பார்க்கிற எல்லோரிடமும் கேட்பது இன்னொன்று. டைட்டில் ஓடும்போது ஒளிப்பதிவு என்று வருகிற இடத்தில் பெயரைப் படியுங்கள். படம் பிடித்திருந்தால் அந்தப் பெயரை நாலு பேரிடம் சொல்லுங்கள்.