குதிரையும் செருக்கும்

அரபு மொழியில் குதிரைகளைக் குறிக்கும் சொல் ‘கைல்’. செருக்கைக் குறிப்பது ‘குயலா’. மனத்தில் தோன்றும் வெற்றுருவம் ‘கயால்’. மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. குதிரையின் நிமிர்ந்த நடையிலேயே செருக்கின் சாயல் உண்டென்பர் அகராதியாசிரியர்.

இலண்டன் நகரத்துச் சாமுவேல் பீப்ஸின் நாட்குறிப்பு இம்மூன்று சொற்களுக்கும் உரை வகுத்தாற்போல் இருக்கிறது. தையற்காரரின் மகனாகப் பிறந்து, கடற்படை அலுவலகத்தில் உயர்பதவி எய்தியவர் அவர். வாடகைக் கோச்சு வண்டியில் தம்மைப் பிறர் காண்பதே வெட்கம் என 1667ஆம் ஆண்டில் அவருக்குத் தோன்றலாயிற்று. அவ்வண்டி அவரைச் சேருமிடம் சேர்க்கத் தவறவில்லை. குறை வண்டியில் இல்லை, பார்ப்பவர் கண்ணில் இருந்தது. 1668ஆம் ஆண்டின் இறுதியில் சொந்த வண்டி வாங்கினார்.

அக்காலத்தில் ஹைடு பூங்காவில் வட்டப்பாதை ஒன்றிருந்தது. செல்வர்களின் வண்டிகள் எவ்வூருக்கும் போகாமல் அதனையே சுற்றிச் சுற்றி வரும். 1669 மே முதல் நாள் பீப்ஸ் தம் மனைவியுடன் அப்பூங்காவிற்குப் புறப்பட்டார். ஊழியருக்குப் புதுச் சீருடை. குதிரைகளின் பிடரியிலும் வாலிலும் சிவப்பு நாடா. கடிவாள வார்கள் பச்சை. வழியில் மக்கள் வியந்து நோக்கியதை மகிழ்ந்து எழுதியவர், பூங்காவை அடைந்ததும் முகம் சுளிக்கிறார். புழுதி, காற்று, தூறல். அவற்றினும் கொடுமை, வாடகை வண்டிகள் மலிந்து கனவான்களின் வண்டிக் காட்சியைக் கெடுத்துவிட்டனவாம்!

அழகிய ஊர்தியை விரும்புவது குற்றமா? அன்று. குதிரையை ஊர்தியென்றும் அலங்காரமென்றும் திருமறையே (16:8) ஒருசேர உரைக்கிறது. அலங்காரத்தால் விளையும் மகிழ்ச்சி அயலானுக்கும் அது வாய்த்தால் குறைவதில்லை. ஒரு மணமாலையை நால்வர் முகர்ந்தால் மணம் குறைந்துவிடுமா? செருக்கின் மகிழ்ச்சியோ அயலான் இல்லாதிருப்பதையே உணவாகக் கொண்டது. அதனாலன்றோ, நேற்றுவரை தாமே ஏறிய வாடகை வண்டி பீப்ஸுக்கு இன்று கண்ணை உறுத்திற்று! அவரை நாம் பழிக்கவில்லை. அவர் எழுதி வைத்தார், ஏனையோர் எழுதவில்லை, அவ்வளவே.

1747ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசு இவ்வண்டிகளுக்கு ஆண்டு வரி விதித்தது. நான்கு சக்கர வண்டிக்கு 4 பவுன். அதனாலும் ஆசை தணியவில்லை.

பழசாகிப்போன பெருமக்கள் வண்டிகள் பின்னாளில் வாடகைக்காரர் கைக்கு வந்தன. கதவில் தீட்டிய குலச்சின்னம் பலவற்றில் அழிக்கப்படவுமில்லை. காசு கொடுத்தவர் எவராயினும் அக்கதவைத் திறந்து ஏறிக்கொள்வர். சின்னம் எவருடையதென்று வண்டிக்காரனும் சொல்வதில்லை. மழைக்கு ஒதுங்கி ஏறியவரும் கேட்பதில்லை.