சமவெளிக்குப் போன நீர்

ஆஸ்திரேலியாவின் மர்ரே–டார்லிங் ஆற்றுப்படுகை பத்து லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்தது. அந்நாட்டின் ஏழில் ஒரு பங்கு. அதன் வடபகுதி மிகத் தட்டையான நிலம். பெருமழைக் காலத்தில் ஆறு கரைக்குள் அடங்காது, மைல்கணக்கில் விரிந்து மெல்ல நகரும். மேலே ஓர் அளவுநிலையத்தில் பதிவான நீர் கீழ்நிலையத்துக்கு வந்து சேராவிட்டால், அந்த வித்தியாசத்தை இழப்பு என்று எழுதுவது நீர்க் கணக்கர்களின் வழக்கம். யாருக்கு இழப்பு? அந்த நீரில் ஒரு பகுதி நிலத்தடிக்கு இறங்குகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது வேர் நனைந்தால்தான் பிழைக்கும் செம்மரத்து யூகலிப்டஸ் காடுகளுக்கு ஒரு பகுதி போகிறது. சதுப்பில் கூடு கட்டும் பறவைகளும் ஏரிகளில் வளரும் மீன்குஞ்சுகளும் அதை நம்பியே இருக்கின்றன. பெற்றவர்கள் இருக்கும்போது அவர்களை விட்டுவிட்டுக் கணக்கை முடிப்பது கணித வசதி அல்ல, அறத்தின் கேள்வி என்பதே என் வாதம்.

விட்டுவிட்டதன் விளைவு தெரிந்ததுதான். 1995-இல் படுகை முழுவதற்கும் நீரெடுப்புக்கு வரம்பு விதித்தார்கள். ஆனால் வெள்ளச் சமவெளியில் வரப்பு எழுப்பித் தனியார் தேக்கங்களில் நிரப்பிய நீர் நெடுங்காலம் சரியாக அளக்கப்படவில்லை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அதற்கான உரிமங்கள் 2022-இல்தான் வழங்கப்படத் தொடங்கின. இப்படி நீரைத் தேக்கிய பருத்தி விவசாயிகள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு: நிலம் எங்களுடையது, தானாக வந்த நீரை உழைத்துத் தேக்கினோம். ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் இதை ஏற்றிருப்பார் என்று தோன்றும். ஊற்றுநீர் பொது, குடத்தில் மொண்டது மொண்டவனுடையது என்பது அவர் கொள்கை. ஆனால் மற்றவர்களுக்கும் போதுமானதும் அதே அளவு நல்லதுமானது மிஞ்ச வேண்டும் என்ற நிபந்தனையையும் அவரே வைத்தார். எடுத்ததை அளக்காதவன் அந்த நிபந்தனையை நிறைவேற்றினேன் என்று எப்படிச் சொல்ல முடியும்? 2018–19 கோடையில் டார்லிங் ஆற்றங்கரை ஊரான மெனிண்டீயில் மீன்கள் லட்சக்கணக்கில் செத்து மிதந்தன. வறட்சி ஒரு காரணம். மேற்பகுதியில் மிகையாக நீர் எடுத்ததும் காரணம் என்று ஆஸ்திரேலிய அறிவியல் கழகத்தின் ஆய்வு சொன்னது.

வெள்ளமும் மீனைக் கொல்கிறதே என்பார்கள். உண்மை, 2010–11-இல் இலைச்சருகு ஊறிக் கறுத்த நீரில் பிராணவாயு அற்று மர்ரே ஆற்று மீன்கள் மடிந்தன. ஆனால் பல ஆண்டுகள் வெள்ளம் ஏறாத காட்டில்தான் சருகு அத்தனை குவிகிறது. மரங்கள் குடித்ததைத் துல்லியமாக அளக்க முடியாது என்பதும் உண்மையே. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பிழையோடாவது மதிப்பிடலாம். மதிப்பிடாமல் விட்டால் பூஜ்யம் என்றே எழுதியதாகும். அது நிச்சயமாகத் தவறு.

இன்னும் கடினமான மறுப்பு ஒன்று இருக்கிறது: எண்ணத் தொடங்கிய எதுவும் சந்தைக்கு வந்துவிடும், புனிதமானதைப் பேரேட்டில் ஏற்றாதீர்கள் என்பது. இந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். டார்லிங் ஆற்றங்கரைப் பூர்வகுடிகளான பார்க்கஞ்சி மக்களுக்கு அந்த ஆறு பாக்கா, அவர்களுடைய தாய். அவர்களின் பூர்வகுடி நில உரிமையை 2015-இல் நீதிமன்றம் ஏற்றது. ஆனாலும் வறண்ட ஆற்றுக்காக அவர்கள் போராட வேண்டியிருந்தது. அளக்காமல் விட்டது அந்த ஆற்றின் புனிதத்தைக் காக்கவில்லை. எடுத்தவர்களின் பங்கைத்தான் மறைத்தது. தாய்க்கு விலை வைக்கக் கூடாது என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. அவளிடமிருந்து மேலே எவ்வளவு எடுத்தார்கள் என்று கேட்கும் உரிமையும் உண்டு. அதற்குப் பதில் சொல்ல யாரோ எழுதி வைத்திருக்க வேண்டும்.